கொசுவத்தைப் பிடித்த கை

என் மகள் பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நாட்களில் அவளுக்குச் சேலைக் கொசுவம் மடித்துக் கொடுப்பது என் வேலையாக இருந்தது. அவளுக்குக் கட்டத் தெரியாமல் இல்லை. அந்தக் கொசுவத்தில் ஒரு சூட்சுமம் உண்டு, அது என் கைக்குத்தான் சரியாக வரும். கஞ்சி போட்ட நூல் சேலையில் எட்டு மடிப்பு. எட்டும் தொப்புளுக்கு நேராக விழாமல் இடது தொடைப் பக்கம் சற்றுத் தள்ளி விழ வேண்டும். துணி மொறமொறவென்று நிற்க வேண்டும். துவண்டால் உள்ளே இருக்கிற கால் தெரிந்துவிடும்.

இரண்டு வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இடது காலை வாங்கிக்கொண்டு போனது. அப்போதெல்லாம் இளம்பிள்ளை வாதம் என்பார்கள். அந்தக் கால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் செடித் தண்டு போல மெலிந்து நின்றுவிட்டது. முட்டி தானாக நிற்காது. ஒவ்வொரு எட்டுக்கும் இடது கையால் தொடையை அழுத்திப் பிடித்தால்தான் முட்டி மடங்காமல் உடம்பைத் தாங்கும். தெருப் பிள்ளைகள் அந்தக் கையைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். காலைப் பார்த்தல்ல. தொடையில் கை வைத்துக் குனிந்து குனிந்து நடப்பது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

திண்டிவனம் கடைத்தெருவில் மழை விட்ட ஒரு சாயங்காலம் எனக்கு அந்த யோசனை வந்தது. ரோட்டில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. நல்ல சேலை உடுத்திய ஒரு அம்மா, கொசுவத்தை இடது கையால் லேசாகப் பிடித்துக்கொண்டு தண்ணீரைத் தாண்டிப் போனார். எதிரில் வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். நான் அந்தக் கையைப் பார்த்தேன். என் மகள் தொடையை அழுத்துகிற அதே இடத்தில் இருந்தது. இவள் அழுத்தினால் நொண்டி. அந்த அம்மா பிடித்தால் அழகு.

என் மகளுடைய அப்பா தவறிப்போய், நான் மல்லாட்டை மண்டியில் பருப்பு உடைக்கப் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமை மண்டிக்கு லீவு. காய வைக்கிற சிமென்ட் களம் காலியாகக் கிடக்கும். பதினாறு வயதுப் பெண்ணுக்கு என் சேலையைக் கட்டிவிட்டு அந்தக் களத்தில் நடக்கவிட்டேன். நான் எதிர் முனையில் நின்றுகொள்வேன்.

"தோளு சாயுது பாப்பா."

"வலிக்குதும்மா."

"வலிச்சா மூஞ்சியில காட்டாத. கையி கொசுவத்தப் புடிச்ச மாதிரி இருக்கணும். அழுத்தறது உனுக்கு மட்டும் தெரிஞ்சா போதும்."

ஒரு வருஷம் ஆனது. அதற்குப் பிறகு அவள் கடைத்தெருவில் நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் சேலைக்காகப் பார்த்தார்கள். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையை இப்போது சொன்னால் யாருக்கும் விளங்காது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். வாத்தியார் பயிற்சி முடித்த பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தேன். அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று ஊர் நம்பியது. கொஞ்ச நாளில் நானும் நம்பினேன்.

வேலைக்குப் பதிந்தபோதும் ஊனமுற்றோர் என்று பதிய விடவில்லை. பொதுவில் பதிந்து, பொதுவில் காத்திருந்து, பொதுவில்தான் வேலை வாங்கினாள். விழுப்புரம் தனி மாவட்டமான அடுத்த வருஷம் அது. அதற்கு முன்னால் எதற்கெடுத்தாலும் கடலூருக்கு ஓட வேண்டும். உடல் தகுதிச் சான்று எழுதிய டாக்டர் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தகுதி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

பள்ளிக்கூடம் ஒலக்கூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில். பஸ் மெயின் ரோட்டோடு போய்விடும். உள்ளே இரண்டு மைல், பாதிக்கு மேல் ஏரிக்கரை. முதல் நாள் நானும் கூடப் போனேன். பிள்ளைகள் கரை மேல் ஓடி வந்து இவள் பையை வாங்கிக்கொண்டு போனார்கள். "டீச்சர் வந்துட்டாங்க" என்று ஒருத்தி கத்தியதை நான் இன்னமும் காதில் வைத்திருக்கிறேன். வெயிலில் காய்ந்த கேப்பைத் தாள் வாசனையும், ஏரியில் எருமை இறங்குகிற சத்தமும், கரும்பலகை துடைத்த ஈரமும் அந்தக் குரலோடு சேர்ந்துதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

முதல் சில வருஷம் பால் கேன் ஏற்றிக்கொண்டு போகிற மாட்டு வண்டிக்காரர் இவளை ஏற்றிக்கொண்டு போவார். அவர் மாட்டை விற்ற பிறகு நடைதான். போக இரண்டு மைல், வர இரண்டு மைல். மண் ரோட்டில், கரை மேட்டில், அதே கொசுவ நடை. அவளுடைய வலது கையில் சாக்பீஸ் தூள் இருக்கும். இடது உள்ளங்கை தொடையை அழுத்தி அழுத்திக் காய்த்துப் போயிருந்தது. சோறு பிசைவதற்கு முன்னால் இரண்டு கையையும் கழுவுவாள். இடது கையைத் துண்டில் ஒற்றித்தான் எடுப்பாள், தேய்க்க மாட்டாள்.

ஒரு மழைக்காலத்தில் சேலையெல்லாம் சேறாக வந்தாள்.

"வழுக்கிடுச்சும்மா."

"எங்க?"

"கரையில."

அடுத்த வாரமும் வழுக்கியது. அதற்கடுத்த வாரம் வழுக்கியது என்று சொல்லக்கூட இல்லை. கிணற்றடியில் உட்கார்ந்து சேலையை அலசிக்கொண்டே சொன்னாள்.

"முட்டி ஒத்துக்கலம்மா. வேலைய விட்டுடலாம்னு பாக்கறேன்."

சேலையின் மறு முனையைப் பிடித்துப் பிழிந்தேன். என் மண்டிக் கூலி போதாது, வீட்டில் சோற்றுக்கு வழி அந்த வேலைதான் என்பது ஒரு பக்கம். அவள் டீச்சர் என்பது என் ஒரே சொத்து. அது போனால் அவள் மறுபடியும் தெருப் பிள்ளைகள் சிரித்த பெண்ணாகிவிடுவாள் என்று எனக்குப் பட்டது.

சம்பள நாளில் யூனியன் ஆபீசுக்குப் போன இடத்தில் வேறொரு பள்ளிக்கூடத்து சார், கைத்தடி வைத்து நடப்பவர், இவளைக் கேட்டிருக்கிறார். "டீச்சர், நீங்க ஊர்திப்படி வாங்கலயா? கால் முடியாதவங்களுக்கு வண்டி வச்சிக்க கவர்மென்டு மாசாமாசம் தருதே. இத்தினி வருஷமா சும்மாவா உட்டீங்க?"

இவ்வளவு பேர் இருக்கிற ஆபீசில் அவர் ஒருத்தர்தான் இவள் நடையைக் கண்டுபிடித்தவர். அந்தப் பணம் வந்தால் மெயின் ரோட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு மாசத்துக்கு என்று ஒரு ஆட்டோ பேசிக்கொள்ளலாம். வேலையை விட வேண்டாம். வீட்டுக்கு வந்து சந்தோஷமாகச் சொன்னாள். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் உட்கார்ந்து பார்த்து ஊனம் இத்தனை என்று எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான் என்றாள்.

"ஊனம்னு நாமளே போய் எழுதி வாங்கிக்கினு வரணுமா?" என்றேன்.

"ஆமா."

"தகுதின்னு எழுதித்தான வேல குடுத்தாங்க? இப்ப இப்பிடி எழுதினா வேல போயிடாதா?"

"போவாதாம். கேட்டுட்டேன்."

"ஊருக்குத் தெரியாதா?"

"கால் எனக்குத்தானம்மா" என்றாள்.

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சேலைக்குக் கஞ்சி போட்டேன். போவது என்று ஆனபின் நல்லபடியாகப் போக வேண்டும் என்று நினைத்தேன். இங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். பெண்ணை டாக்டர்கள் முன்னால் அலங்கோலமாக நிறுத்தக்கூடாது என்று, தீபாவளிக்கு எடுத்த சேலையைக் கட்டிவிட்டேன். எட்டு மடிப்பு, உள்பக்கம் மூன்று ஊக்கு. காற்றே அடித்தாலும் கலையாது.

விழுப்புரத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நீள வரிசை. கட்டை ஊன்றியவர்கள், தூக்கி வரப்பட்டவர்கள், தரையில் நகர்ந்து வந்தவர்கள். எங்களுக்கு முன்னால் இரண்டு கட்டை வைத்த ஒருவர் நின்றிருந்தார். மரக்காணத்துப் பக்கம் கடலோரத்துக் குப்பம் என்றார். பஸ் பாஸுக்கு வந்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருக்கும்மா பாக்க வந்துக்கிறே?"

"என் பொண்ணுக்கு."

"கூட்டியார்லியா?"

"இதோ நிக்குது பாரு, டீச்சரு."

"இதுவா? இதுக்கு இன்னா கொற? கல்யாணத்துக்குப் போற மாதிரி வந்துக்கீது."

வரிசையில் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இத்தனை ஊனம் பார்த்த ஆளுக்கே தெரியவில்லையே என்று.

"உள்ள போறதுக்குள்ள கொஞ்சம் நொண்டிப் பழகிக்க, டீச்சர்" என்றார் அவர்.

"உன் வேலயப் பாருய்யா" என்றேன்.

உள்ளே டாக்டருக்கு அவசரம். வெளியே அத்தனை பேர் நிற்கிறார்கள். "சேலையக் கொஞ்சம் தூக்கும்மா, காலப் பாக்கணும்" என்றார். பக்கத்தில் இன்னும் இரண்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் முந்திக்கொண்டேன். "டீச்சருங்க சார். சேலையைத் தூக்காம பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். "சரி, அந்தச் செவுரு வரைக்கும் நடந்து காட்டுங்க" என்றார்.

என் மகள் நடந்தாள். களத்தில் ஒரு வருஷம் நடந்த நடை. தோள் சாயவில்லை. தலை ஆடவில்லை. கொசுவத்தைப் பிடித்த கை பூவைப் பிடித்த மாதிரி இருந்தது. சுவரைத் தொட்டுத் திரும்பி வந்தாள். டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

காகிதத்தை யூனியன் ஆபீசில் கொடுத்தபோது கிளார்க் அம்மா ஒருமுறை படித்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார். "நாப்பது பர்சென்ட் ஊனம் இருந்தாத்தான் படி தருவாங்க டீச்சர். இதுல ரொம்பக் கம்மியாப் போட்டிருக்காங்களே. உங்களுக்குக் கால் நல்லாத்தானே இருக்கு?"

வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிவிட்டு என் மகள் சிரித்தாள். "உன் ட்ரெயினிங் அப்படிம்மா. டாக்டரே ஏமாந்துட்டாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோறு போட்டேன். சாப்பிட்டாள். இடது கையைத் துண்டில் ஒற்றினாள்.

இரண்டு நாள் கழித்து அவள் புத்தகங்களைத் தட்டி வைக்கும்போது ஒரு வெள்ளைத்தாள் விழுந்தது. பாதி எழுதியிருந்தது. எனக்குப் படிக்க நேரம் ஆகும். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் படிப்பேன். 'பணி' வந்தது. 'விலக' வந்தது. அதற்கு மேல் கூட்டவில்லை. தாளை வைத்த இடத்திலேயே வைத்தேன். அன்றைக்கு மண்டியில் நான் உடைத்த பருப்பில் பாதி நசுங்கி, மேஸ்திரியிடம் பேச்சு வாங்கினேன்.

சாயங்காலம் அவளிடம் சொன்னேன். "இன்னொருவாட்டி விழுப்புரம் போவலாம். மறுபடி மனு குடு."

"போய்?"

"நீ எப்பிடி நடப்பியோ அப்பிடி நடந்து காட்டு."

எச்.எம். கையெழுத்து வாங்கி மனு போட்டு, தேதி கிடைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த நாளில் நான் கொசுவம் வைக்கவில்லை. பழைய பாலியஸ்டர் சேலை, அவளே சுற்றிக்கொண்டாள். ஊக்கு ஒன்றும் இல்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவள், மயிலம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"மா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத."

"சொல்லு."

"நேத்து ஸ்கூல்ல எல்லாரும் போனப்புறம் நடந்து பாத்தேன். பழைய மாதிரி, சின்னப் புள்ளையில நடந்த மாதிரி. வரல. எனக்கு வேற நட தெரியாதும்மா."

பஸ்ஸில் யாரோ மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டு வந்தார்கள். தோல் காற்றில் பறந்து என் மடியில் விழுந்தது. அதை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டே விழுப்புரம் வரைக்கும் வந்தேன்.

அதே டாக்டர்தான். "போன தடவ வந்தீங்கல்ல?" என்றார். "சரி, நடங்க."

அவள் நடந்தாள். அவள் சொன்னது சரி. பழைய சேலையிலும், ஊக்கில்லாத கொசுவத்திலும் அதே நடைதான் வந்தது. டாக்டர் பேனாவை எடுத்தார். அவர் எழுத ஆரம்பிப்பதற்குள் நான் மேஜைப் பக்கம் போய்விட்டேன்.

"சார், அந்தக் கைய எடுக்கச் சொல்லுங்க."

"எந்தக் கைம்மா?"

"கொசுவத்தப் புடிச்சிருக்கிறா பாருங்க, அது. அது கொசுவத்தப் புடிக்கல. கால அழுத்திக்கினு இருக்குது. நான்தான் அப்பிடிப் பழக்கினேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டு என் மகளைப் பார்த்தார். "கைய எடுத்துட்டு நடங்க டீச்சர்."

என் மகள் என்னைப் பார்த்தாள். இருபது வயசுக்கு மேல் அவள் என்னிடம் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்ட மாதிரி இருந்தது. நான் தலையை ஆட்டினேன்.

கையை எடுத்தாள். வலது காலை வைத்தாள். இடது காலை வைத்து உடம்பை அதன் மேல் கொண்டு வந்தாள். முட்டி மடிந்தது. நான் ஓர் எட்டு வைத்தால் பிடித்திருக்கலாம். அவ்வளவு பக்கம்தான். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் பக்கவாட்டில் சரிந்து, தோள் சுவரில் இடித்து, தரையில் உட்கார்ந்த மாதிரி விழுந்தாள். பெரிய அடி இல்லை. ஆனால் நாலு பேர் பார்க்க விழுந்தாள். அவள் அப்படி விழக்கூடாது என்றுதானே அந்த ஒரு வருஷம் முழுவதும் அவளை நடக்கவிட்டேன்.

நர்சம்மா வந்து தூக்கினார்கள். ஆண்களை வெளியே போகச் சொல்லித் திரையை இழுத்தார்கள். டாக்டர் சேலையை முட்டி வரைக்கும் விலக்கிக் காலை அழுத்திப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், டேப் வைத்து அளந்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"எத்தன நாள் பழக்கினீங்க?"

"ஒரு வருஷம் சார்."

"நல்லாத்தான் பழக்கியிருக்கீங்க. அன்னைக்கே இங்க கூட்டியாந்திருந்தா முட்டி மடங்காம நிக்க கால்ல இரும்புக் கட்டை போட்டு உட்டிருப்போம். முட்டி இவ்ளோ தேஞ்சிருக்காது."

திட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். நான் "ஆமாங்க சார்" என்றேன். 'அன்னைக்கே' என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையை இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

வெளியே வந்தால் அந்தக் குப்பத்து ஆள் நின்றிருந்தார். பாஸில் போட்டோ மாறிவிட்டதாம், திரும்பவும் வந்திருக்கிறார். என் மகளின் சேலையில் தரைத் தூசி அப்பியிருந்தது.

"இன்னா டீச்சர், இந்தவாட்டி பாஸா?"

"பாஸ்" என்றாள் என் மகள்.

"நான்தான் அன்னைக்கே சொன்னனே, உங்கம்மா கோச்சிக்கிச்சு" என்றார். நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பன்னும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் வண்டி அந்தக் கோடியில் நின்றது. என் மகள் கொசுவத்தைத் தொடவில்லை. கையைத் தொடை மேல் நேராக வைத்து அழுத்திக்கொண்டு, முதுகைக் கொஞ்சம் குனிந்து, அவளுக்குச் சௌகரியமான மாதிரி நடந்தாள். ஜனங்கள் பார்த்தார்கள். நான் பின்னால் நடந்தேன். தோள் சாய்கிறது என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

ஆர்டர் வருவதற்குள் அந்த வருஷத்துத் தேர்வே முடிந்துவிட்டது. வந்த பிறகு ஆட்டோ பேசினோம். மெயின் ரோட்டில் அவள் இறங்கும்போது ஆட்டோ நிற்கும். ஏரிக்கரையில் பிள்ளைகள் அதன் பின்னாலேயே ஓடி வருவார்கள். பாதி எழுதிய அந்தத் தாள் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. ஒருநாள் அதன் பின்பக்கத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பேர் எழுதியிருந்தது.

திங்கட்கிழமை காலை கொசுவம் வைக்க உட்கார்ந்தபோது, "எட்டு வேணாம்மா, அஞ்சு போதும். நடுவுல வையி" என்றாள். வைத்தேன். கஞ்சி போடுவதையும் மெல்ல விட்டேன். இரும்புக் கட்டை போட்டுப் பழகினாள். பிற்காலத்தில் கடன் போட்டு, பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் வாங்கினாள். நானும் அதில் ஏறி ஓமந்தூர்ப் பக்கம் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன்.

ஊர்திப்படி மே மாதத்துக்கு மட்டும் வராது. பள்ளிக்கூடம் லீவு, போய்வர வேண்டியதில்லை என்று பிடித்துவிடுவார்கள். "மே மாசம் என் கால் நல்லாயிடும்மா. கவர்மென்டே எழுதி வச்சிருக்கு" என்பாள் ஒவ்வொரு வருஷமும். ஒவ்வொரு வருஷமும் நான் சிரிப்பேன்.

நான்கைந்து வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு மே மாதம். ஸ்கூட்டரை வீட்டில் விட்டுவிட்டு இரண்டு பேரும் நடந்தே கடைத்தெருவுக்குப் போனோம். பள்ளிக்கூடம் திறந்ததும் கட்ட அவளுக்கு ஒரு சேலை எடுக்க வேண்டும். எனக்கும் இப்போது முட்டி நோவுகிறது. அவள் ஒரு கடை வாசலில் நிற்பாள், நான் அடுத்த கடை வாசலில் நிற்பேன். மழைத் தண்ணீர் தேங்கி அந்த அம்மா கொசுவத்தைப் பிடித்துத் தாண்டிய இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. அங்கேயும் கொஞ்சம் நின்றோம்.

ஜவுளிக்கடைப் பெண் ஸ்டூல் எடுத்துப் போட்டது. என் மகள் காலை நீட்டி உட்கார்ந்ததும் இரும்புக் கட்டை தெரிந்தது. அந்தப் பெண் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டது. "அக்காவுக்குக் கால்ல இன்னாம்மா?"

நாற்பது வருஷமாக யாருக்கும் நான் சொல்லாத பதில் அது.

"போலியோ. டீச்சரா இருக்குது. கவர்மென்டு வண்டிப்படி தருது" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன் போலிருக்கிறது, என் மகள் திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பெண் மொறமொறவென்று இருந்த நூல் சேலையை உதறிப் போட்டுக் காட்டியது. "இது வேணாம்மா" என்றேன். "மெத்துனு துவளுற மாதிரி ஒண்ணு எடு."